இசக்கி முகத்தில் ஓடிய கோடுகள்

“இந்த ஊர் வெளிச்சமே சரியில்ல, டீச்சர்.”

மாசிலாமணி கேமராவை மேசையில் வைத்துவிட்டு இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

தங்கபுஷ்பம் டீச்சர் தலையை நிமிர்த்தினார்.

“கரண்டும் சரியில்ல. வோல்டேஜ் ஏறி இறங்குது. வயரிங் எந்தக் காலத்துதோ. என்னத்த எடுத்தாலும் கோடு கோடா விழுது.”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

தென்காசியில் தையல் கடைக்கு மேலே மாடியில் கேமரா வகுப்பு நடத்துகிறவர் அவர். சென்னையில் திரைப்படக் கல்லூரியில் படித்து, சில படங்களில் வேலை பார்த்து, பெயர் வாங்கிய நேரத்தில் ஊருக்குத் திரும்பியவர். வயதில் மாசிலாமணியைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் தென்காசி முழுக்க, கல்யாண வீடியோ எடுக்கிற பெரிய மனிதர்கள் உட்பட, அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

படிக்கப் போனவர்கள் ஒரே ஒரு குறைதான் சொல்வார்கள். டீச்சர் பேசமாட்டார். ரெண்டு வார்த்தை கூடப் பேசினால் மெமரி கார்டு நிறைந்துவிடும் என்று நினைக்கிற ஆள்.

மாசிலாமணிக்கு அது தெரியாது. ஊருக்குப் புதுசாக வந்த பழைய ஆள் அவர்.

“சவுதியில எத்தன வருஷம் இதே கேமராதான். ஒரு கோடு விழுந்ததில்ல. இங்க வந்தன்னைக்கே விழுது.”

“போட்டுக் காட்டுங்க, அண்ணாச்சி.”

கேமராவின் சின்னத் திரையில் ஒரு முகம் வந்தது. ஒல்லியான முகம், நரைத்த மீசை. முன்னால் ஒரு மைக். அந்த முகத்தின் மேல் சாம்பல் நிறப் பட்டைகள் தாடையிலிருந்து நெற்றிக்கு ஏறிக்கொண்டே இருந்தன. ஒன்று போனால் அடுத்தது. கூடவே படம் முழுக்க மினுக் மினுக்கென்று துடித்தது.

“யார் இவங்க?”

“இசக்கியப்பன். என் சேக்காளி.”

“எங்க எடுத்தது?”

“பஸ் ஸ்டாண்டுல. டைம் கீப்பர் ரூம்ல.”

“அவசரமா?”

மாசிலாமணி தொண்டையைக் கையால் தொட்டுக் காட்டினார்.

“திங்கக்கெழம ஆபரேஷன். குரல்வளைய எடுத்துருவாவளாம்.”

டீச்சர் திரையை நிறுத்தினார்.

---

இசக்கியப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி எப்போது கிளம்பும், எந்த இடத்தில் நிற்கும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர். கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம் என்று அவர் சொன்னால், ராஜபாளையத்துக்கு வேலை இல்லாதவனுக்கும் ஒரு தடவை போய்வரலாமே என்று தோன்றும். அவ்வளவு ஆசையாகச் சொல்வார். ஊர்ப் பெயர்களை அவர் ஒருநாளும் முழுங்கியதில்லை.

மாசிலாமணி சவுதிக்குப் போன அன்று இசக்கியப்பனுக்குத்தான் டூட்டி. திருவனந்தபுரம் வண்டி. ஜன்னல் ஓரச் சீட்டில் மாசிலாமணி. கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் முன்னால் அழக்கூடாது என்று வெளியே பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

மைக் கரகரத்தது.

“செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது. ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் பயணி கண்ணைத் துடைத்துக்கொள்ளவும்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த எல்லாரும் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இசக்கியப்பனுக்கு மேலதிகாரி மெமோ கொடுத்தார்.

அப்புறம் வெள்ளிக்கிழமைகள். சவுதியில், மாசிலாமணி இருந்த தம்மாமில் லீவு நாள். மாசிலாமணி டைம் கீப்பர் ரூமுக்குப் போன் போடுவார். “என்னல, நல்லாருக்கியா?” என்பார் இசக்கியப்பன். “இருக்கேன். நீ பேசு, நான் கேக்கேன்” என்பார் மாசிலாமணி. இசக்கியப்பன் பேசுவார். ஊரில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஊறியது, குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்ததா என்று எல்லாம் பேசுவார். வண்டிக்கு நேரமாகிவிட்டால் ரிசீவரை மைக் பக்கத்தில் வைத்துவிட்டு அறிவிப்பார்.

வேலையாட்கள் தங்கும் கேம்ப்பில் தென்காசிப் பக்கத்து ஆட்கள் போனைச் சுற்றி நின்று அதைக் கேட்பார்கள். சொந்த ஊர்ப் பெயர் வந்ததும் ஒவ்வொருவன் முகமும் மலரும். பாவூர்சத்திரத்துக்காரன் ஒருவன், தன் ஊர்ப் பெயர் வராத வெள்ளிக்கிழமைகளில் சரியாகச் சாப்பிடமாட்டான்.

அந்தக் குரலைத்தான் திங்கட்கிழமை எடுக்கப் போகிறார்கள்.

செல்போனில் எடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இசக்கியப்பனின் மனைவியும் அதைத்தான் கேட்டார். மாசிலாமணி கேட்கிற ஜாதி இல்லை. கேம்ப்பிலிருந்து ஊருக்குப் போகிற ஒவ்வொருவரையும் இந்தக் கேமராவில்தான் எடுத்தார். அவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் கேமராவைத் திறந்தால் இருக்கிறார்கள், சிரிக்கிறார்கள், பெட்டிக்குக் கயிறு கட்டுகிறார்கள். இதில் எடுத்தால் ஆள் எங்கேயும் போகமாட்டான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

பிடிவாதம் என்றும் சொல்லலாம்.

---

டீச்சர் எழுந்து மாடியின் ஜன்னல்களைச் சாத்தினார். ட்யூப்லைட்டைப் போட்டார். பழைய சோக் வைத்த லைட், விட்டு விட்டு முழித்து எரிந்தது.

மேசையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து மாசிலாமணியிடம் நீட்டினார்.

“ஆட்டுங்க.”

“என்னது?”

“லைட்டுக்குக் கீழ. வேகமா.”

மாசிலாமணி சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. ஆட்டினார்.

“எத்தன பென்சில்?”

“ஒண்ணுதான்.”

“பாத்துச் சொல்லுங்க.”

அவர் பார்த்தார். ஆட்டுகிற கை மெல்ல நின்றது. மறுபடி ஆட்டினார். ஒரே பென்சில் இழுபட்டுத் தெரியவேண்டிய இடத்தில், தனித்தனியாக நிறையப் பென்சில்கள் விசிறி மாதிரி விரிந்து நின்றன. இடையிடையே இருட்டு.

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“டீச்சர், இத நாங்க சின்னப்புள்ளையில செஞ்சிருக்கோம். ஈர்க்குச்சி வச்சி. தெருவுல புதுசா ட்யூப்லைட் போட்டாவ. அதுக்கு அடியில நின்னு நானும் இசக்கியும் ஆட்டுவோம். ஒரு குச்சிய நூறு குச்சியாக்குதேன் பாருன்னு சொல்லுவான். அவன் ஆட்டுனா மட்டும் நெறைய விழும். எனக்கு விழாது.”

“ஏன்?”

“அவன் கை வேகம்.”

டீச்சர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாசிலாமணி பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தெரு, அந்த வெளிச்சம், டவுசர் போட்ட இசக்கி எல்லாம் வந்து போனது.

“வெளிச்சம் இமைக்குது, அண்ணாச்சி” என்றார் டீச்சர். “போயிட்டு வாங்க.”

“அவ்வளவுதானா?”

டீச்சர் ஜன்னல்களைத் திறக்கப் போய்விட்டார்.

---

வெளிச்சம் இமைக்கிறது. அப்படியானால் குற்றம் வெளிச்சத்தின் மேல்தானே?

மாசிலாமணி படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டார். நானும் அதைத்தானே சொன்னேன், இதற்கு ஒரு டீச்சர் வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டார்.

டைம் கீப்பர் ரூமில் புது ட்யூப் மாட்டினார். கோடு விழுந்தது. சோக்கை மாற்றினார். கோடு விழுந்தது. வீட்டிலிருந்து ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். இப்போதைய டைம் கீப்பர் நல்ல மனுஷன். “அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டையே மாத்திக் கட்டிராதீங்க” என்று மட்டும் சொன்னார்.

கோடு விழுந்தது.

ட்யூப்லைட்டே வேண்டாம் என்று ரெண்டு எல்இடி விளக்குகள் வாங்கிக்கொண்டு வந்தார். விலை மலிந்த சரக்கு. போட்டதும் அறை பளிச்சென்று ஆனது. மாசிலாமணி கேமராவைத் திறந்தார்.

முன்பு சாம்பலாக இருந்த பட்டைகள் இப்போது கரியைப் பூசினமாதிரி நின்றன.

இசக்கியப்பன் எட்டிப் பார்த்தார்.

“ஏல, எனக்கு என்ன வியாதின்னு டாக்டர் சரியாச் சொல்லல போல. நான் வரிக்குதிரையா மாறிட்டு வாரேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், தண்ணீர் குடித்து ஓய்ந்தார். மாசிலாமணி அந்த நேரம் முழுக்கக் கேமரா பட்டன்களை அமுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நண்பனைப் பார்க்க முடியவில்லை.

சரி, சூரிய வெளிச்சத்துக்கு வயரும் இல்லை, வோல்டேஜும் இல்லை. இசக்கியப்பனை வெளியே பிளாட்பாரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கேமராவைத் திறந்தார்.

ஒரு கோடு இல்லை. படம் அருமையாக இருந்தது.

“சொல்லு இசக்கி. ராஜபாளையம் வண்டியச் சொல்லு.”

இசக்கியப்பன் வாயைத் திறந்தார். சுரண்டை வண்டி ஹார்ன் அடித்தது. மறுபடி திறந்தார். புழுதி வந்து இருமல் பிடித்துக்கொண்டது. கையில் மைக் இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெயிலுக்குக் கண் கூசியது. தோளில் பையை மாட்டிய ஒருவர் வந்து, “சார், புளியர வண்டி எங்க நிக்கும்?” என்று கேட்டார். தெரிந்த பதில்தான். ஆனாலும் இசக்கியப்பன் தடுமாறினார்.

“என்னய உள்ளயே போட்டுட்டு வந்துட்டியே மாசிலா” என்றார் அவர். “அந்தச் சீட்டுல ஒக்காந்தா நான் இசக்கி. இங்க நின்னா நானும் வண்டிக்குக் காத்துருக்கவன்தான்.”

அன்று சனிக்கிழமை.

---

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாசிலாமணி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். வகுப்பு லீவு. டீச்சர் பூட்டைத் திறக்க வந்தபோது எழுந்து நின்றார்.

“நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரியில சேக்காவ.”

டீச்சர் கதவைத் திறந்தார். மாசிலாமணி உள்ளே போய் கேமராவை நீட்டினார். டீச்சர் அதை வாங்கவில்லை.

“சவுதியில என்ன வேல பாத்தீங்க?”

“டீச்சர், நேரமே இல்ல.”

“என்ன வேல?”

“ஏசி மெக்கானிக்.” சொல்லும்போது எரிச்சல் வந்தது. பேசாத ஆள், பேசினாலும் சம்பந்தமில்லாமல் பேசுகிறதே என்று நினைத்தார்.

“அங்க ஓடுன ஏசிய இங்க கொண்டாந்து மாட்டினா ஓடுமா?”

மெக்கானிக்கிடம் மோட்டாரைப் பற்றிக் கேட்டால் எரிச்சல் எங்கே நிற்கும்?

“ஓடும். ஆனா மாட்டக்கூடாது, டீச்சர். எத்தன பேரு கொண்டாந்து மாட்டிட்டு, குளிரலன்னு என்ட்ட வாராங்க. மோட்டார் மெதுவாச் சுத்தும். கம்ப்ரசர் சூடாகும். ஏசி மேல குத்தம் இல்ல, நம்ம கரண்டு மேலயும் குத்தம் இல்ல. ரெண்டும் வேற கணக்கு. அங்க கரண்டு செகண்டுக்கு அறுவது தடவ போயிட்டுப் போயிட்டு வரும். இங்க அம்பதுதான். அறுவதுக்குச் செஞ்சத அம்பதுல மாட்டினா…”

நின்றுவிட்டார்.

டீச்சர் ஜன்னல் வழியாகக் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி கேமராவைப் பார்த்தார். உட்கார்ந்தார். கேமராவின் செட்டிங்ஸ் பக்கங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே நுழைந்ததே இல்லை. தம்மாமில் கேமரா விற்ற கடைக்காரர் ஒரு மலையாளி. எல்லாவற்றையும் சரியாக வைத்துக் கொடுத்துவிட்டு, “இனி இதில் கை வெக்கண்ட” என்று சொன்னார். மாசிலாமணி கை வைக்கவில்லை. ஊருக்கு வந்த பிறகும் வைக்கவில்லை.

எல்லா இடத்திலும் அறுபது இருந்தது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம்கூட ஒரு செகண்டில் அறுபதில் ஒன்று.

“கேமரா இன்னும் சவுதியிலயே இருக்கு, டீச்சர்.”

“ம்.”

“நான்தான் ஊரு வெளிச்சத்தத் திட்டிக்கிட்டு இருந்தேன்.”

“ம்.”

“ஆனா கோடு ஏன் விழுது? அத மட்டும் சொல்லுங்க.”

அன்றைக்குத் தங்கபுஷ்பம் டீச்சர் தன் வழக்கத்துக்கு மிஞ்சிப் பேசினார். அதை இன்றும் வகுப்பில் சொல்லிக்காட்டுவார்கள்.

“நம்ம ஊர் லைட் செகண்டுக்கு நூறு தடவ இமைக்கும். கண்ணுக்குத் தெரியாது. கேமரா படத்த மேலேருந்து கீழ வரி வரியாப் பாக்கும். பந்தியில வரிசையா ஒக்காந்திருக்காங்கன்னு வைங்க, ஒவ்வொரு வரியும் ஒரு இலை, வெளிச்சத்தோட ஒவ்வொரு இமைப்பும் ஒரு கரண்டி. அம்பதுல ஒண்ணுன்னு தெறந்து வச்சா, ஒவ்வொரு இலைக்கும் சரியா ரெண்டு கரண்டி விழும். அறுவதுல ஒண்ணுன்னா, ஒருத்தருக்கு ரெண்டு, ஒருத்தருக்கு ஒண்ணர.”

“கொறஞ்சவன் மொகம் கருக்குது.”

“ம்.”

மாசிலாமணி ஷட்டரை ஐம்பதுக்குத் திருப்பினார். எந்த ஊர்க் கரண்டு என்ற கேமராவின் கணக்கையும் ஐம்பதுக்கு மாற்றப் போனார். திரையில் ஒரு கேள்வி வந்தது. இதை மாற்றினால் கார்டில் உள்ளதெல்லாம் அழியும். சம்மதமா?

அவர் விரல் அந்தரத்தில் நின்றது. கார்டில் கேம்ப் இருந்தது. பெட்டிக்குக் கயிறு கட்டுகிறவர்கள் இருந்தார்கள். பாவூர்சத்திரத்துக்காரன் இருந்தான்.

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு புதுக் கார்டை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

மாசிலாமணி பழைய கார்டைக் கழற்றினார். சட்டைப் பைக்குள் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் புதுக் கார்டை வாங்கினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கு என்று கேட்டால் அவராலேயே சொல்லியிருக்க முடியாது.

ட்யூப்லைட்டைப் போட்டு, டீச்சரின் கையைப் படம் எடுத்துப் பார்த்தார். கை கையாக இருந்தது. துடிப்பு இல்லை, பட்டை இல்லை.

“நீங்களும் வாங்க டீச்சர். அங்க போயி மறுபடி கோடு வந்துட்டுன்னா என்னால தாங்க முடியாது.”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

---

ஞாயிறு மதியம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் குறைவு. டைம் கீப்பர் தன் நாற்காலியை இசக்கியப்பனுக்குக் கொடுத்துவிட்டு, “ராஜபாளையம் வண்டி நிக்கி அண்ணாச்சி, நீங்களே விடுங்க” என்று சொல்லி டீ குடிக்கப் போனார்.

இசக்கியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார். மைக்கின் கழுத்தைத் தன் பக்கம் வளைத்தார். மேசையின் மேல் கையை வைத்தார். அவ்வளவுதான், ஆளே மாறிவிட்டார்.

மாசிலாமணி கேமராவைத் திறந்தார்.

ஒரு கோடு இல்லை.

அதே ட்யூப்லைட், அதே சுவர், அதே கரண்டு. படம் அசையாமல் நின்றது. மாசிலாமணி திரும்பி டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு திரையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

இத்தனை நாளும் அவர் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு போன பிறகுதான் முகம் தெரிந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. கழுத்தில் எலும்பு தள்ளி நின்றது. சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து போகலாம். இசக்கி இப்படியா இளைத்துவிட்டான் என்று மாசிலாமணிக்குப் பகீரென்றது.

“என்னல, ஓடுதா?”

“ஓடுது. சொல்லு.”

இசக்கியப்பன் மைக்கைத் தட்டினார். பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் தட்டிற்று.

“பயணிகளின் கவனத்திற்கு. கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி வழியாக ராஜபாளையம் செல்லும் பேருந்து…”

குரல் கம்மியிருந்தது. இடையில் உடைந்தது. ஆனால் ஊர்ப் பெயர்கள் முழுசாக வந்தன. ஒன்றையும் முழுங்கவில்லை. வெளியே நடந்துகொண்டிருந்த சிலர் நின்றார்கள். ஒரு டிரைவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து அறைக்குள் எட்டிப் பார்த்தார். “நீங்கதானா! அதான பாத்தேன்” என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினார்.

ராஜபாளையம் வண்டி கிளம்பியது.

“இன்னொரு தடவ” என்றார் மாசிலாமணி.

“வண்டி போயிட்டுல்லா.”

“பரவால்ல. மைக்க அணைச்சிட்டுச் சொல்லு.”

சொன்னார்.

“செங்கோட்ட வண்டியச் சொல்லு.”

சொன்னார். இருமினார்.

“தண்ணி குடி. சுரண்ட வண்டி. அப்பறம் குத்தாலம். சீசன் ஸ்பெஷல் சொல்லுவல்லா, அது.”

சொன்னார். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல குரல் கீழே போய்க்கொண்டிருந்தது. மாசிலாமணி நிறுத்தவில்லை. நாளைக்குக் கிடைக்காதே என்ற பயத்தில் அள்ளிக்கொண்டே இருந்தார். படம் சரியாக இருக்கிறதா, வெளிச்சம் நிற்கிறதா, கோடு வருகிறதா என்று கண் திரையைவிட்டு அசையவில்லை.

“கடசியா ஒண்ணு இசக்கி. திருவனந்தபுரம் வண்டி. நான் போன அன்னைக்குச் சொன்னியே. ஜன்னலோரப் பயணி கண்ணத் தொடச்சிக்கிடவும்னு. அத ஒருக்கச் சொல்லு.”

இசக்கியப்பன் மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

“அத எப்பிடிச் சொல்ல? அன்னைக்கு நீ போன. இன்னைக்கு எதிருல வந்து நிக்குத.”

“சும்மாச் சொல்லேன்.”

“போற வண்டிக்குத்தான் சொல்ல முடியும்.”

“எனக்காகச் சொல்லக்கூடாதால?”

“போதும் மாசிலா.”

“போதாதுல!”

மாசிலாமணி சத்தம் போட்டுவிட்டார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

“ஒனக்கென்ன, போதும்னு சொல்லிட்ட. அங்க நான் எப்பிடி இருந்தேன்னு ஒனக்குத் தெரியுமா? ஒரு வாரம் தள்ளணும்னா வெள்ளிக்கெழம நீ பேசணும். அத வச்சித்தான் தள்ளினேன். நாளைக்குப் பெறவு நான் என்ன செய்ய?”

சோக்கின் ரீங்காரம் கேட்டது.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. தங்கபுஷ்பம் டீச்சர் லென்ஸ் மூடியை எடுத்து கேமராவின் மேல் வைத்து அழுத்தினார். திரை இருண்டது.

“டீச்சர், இன்னும் எடுக்கணும்!”

டீச்சர் மூலையில் கிடந்த ஸ்டூலைக் காலால் நகர்த்தி, இசக்கியப்பனின் நாற்காலிக்கு எதிரே, முழங்கால் தட்டுகிற தூரத்தில் போட்டார். பிறகு வெளியே போய், சுவரில் எழுதியிருந்த பஸ் நேரங்களை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

மாசிலாமணி கேமராவை மேசையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் கேமரா இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இசக்கியப்பன் அந்தக் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தார்.

“அங்க எப்பிடி இருந்தேன்னு தெரியுமான்னு கேட்ட” என்றார். மைக் இல்லாத குரல், கிட்டத்தில் மட்டும் கேட்கிற குரல். “எனக்கு எப்பிடில தெரியும்? போனப் போட்டுட்டு, நீ பேசு, நீ பேசுன்னுவ. நானும் கெணறு, கல்யாணம், கொளம்னு பேசுவேன். ஒன் கததான் எனக்குத் தெரியாது.”

“அத என்னத்தச் சொல்ல.”

“சொல்லு. கேக்கேன்.”

“பெறவு சொல்லுதேன். இன்னைக்கு நீ பேசு இசக்கி. இன்னைக்கு ஒரு நாத்தான் இருக்கு.”

இசக்கியப்பன் சிரித்தார். இந்தத் தடவை இருமல் வரவில்லை.

“கூறுகெட்டவனே. தொண்டையத்தானல எடுக்காவ. காதையா எடுக்காவ?”